அங்கே இரண்டும் செல்லும், இங்கே ஒன்றும் செல்லாது

1

"மிஸ் நஸ்ரீன்" என்று தாதி கூப்பிட்டாள். என் மகள் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். ஆறு மாத வயிறு. சுற்றி உட்கார்ந்திருந்த பெண்களில் ஒருத்திகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. இந்த நாட்டில் அதற்கெல்லாம் ஒருவரும் பார்ப்பதில்லை. எனக்குத்தான் காது இரண்டும் சுட்டது.

போட்ஸ்மத் என்ற இந்தத் துறைமுக ஊருக்கு நாங்கள் வந்து இருபது வருடத்துக்குக் கிட்ட ஆகிறது. வெள்ளைக்காரன் திருகோணமலைக் கடற்படைத் தளத்தை விட்டுப் போனபோது, அங்கே கிளார்க்காக இருந்த என் கணவர் அன்சாரும் அவன் பின்னாலேயே வந்துவிட்டார். என் இங்கிலீஷ் இன்னும் அரைகுறைதான். ஆனால் கோபம் வந்தால் அது நன்றாக ஓடும். தாதியிடம் போய், என் மகள் கல்யாணம் முடித்தவள், மிஸ் என்று கூப்பிட வேண்டாம் என்று சொன்னேன்.

"எங்கே முடித்தார்கள்?" என்று கேட்டாள்.

"எங்கள் வீட்டில். முன் அறையில். லண்டனிலிருந்து ஆலிம் வந்தார். சாட்சிகள் இருந்தார்கள். மஹர் கொடுத்தார்கள். எல்லாருக்கும் சாப்பாடு."

"டவுன் ஹோலில் பதிந்தீர்களா?"

அது பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிட்டோம் என்றேன். அவள் நல்ல பெண். என் கையைப் பிடித்து இருத்திவிட்டு மெதுவாகச் சொன்னாள்: இந்த நாட்டுச் சட்டப்படி உங்கள் மகளுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை, அம்மா.

ஊரில் இருக்கிற உங்களுக்கு இது எவ்வளவு பெரிய இடி என்று விளங்குமோ தெரியாது. கிண்ணியாவில் நிக்காஹ் நடக்கும் பாயிலேயே பதிவுகாரரும் இருப்பார். பல நேரம் ஓதுகிற லெப்பையேதான் பதிவுகாரர். ஒருவேளை பதியாமல் விட்டாலும் நிக்காஹ் நிக்காஹ்தான், சட்டம் அதை ஏற்கும். மார்க்கமும் அரசாங்கமும் ஒரே தொப்பியைப் போட்டுக்கொண்டு வந்து உட்காருவதைப் பார்த்துப் பழகிய நாங்கள், இங்கேயும் ஆலிம் வந்தால் அரசாங்கமும் கூட வந்துவிட்டது என்று நினைத்துவிட்டோம். எங்கள் ஆட்களைத் தவிர வேறு எவர் இப்படி ஒரு பிழை விடுவார்?

மருமகன் ரியாஸ் மூதூர்ப் பிள்ளை. கப்பலில் சமையற்காரன். அடுத்த மாதம் கப்பல் ஏறினால் திரும்ப எத்தனை மாதமோ. கடலில் அவனுக்கு ஒன்று நடந்தால் என் மகள் யார்? வேறு துறைமுகத்தில் அவன் மனம் மாறினால் என் மகள் யார்? இதைத்தான் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் நினைத்தேன். நஸ்ரீன் ஜன்னலால் வெளியே பார்த்துக்கொண்டு அப்பிள் தின்றாள்.

2

என் கணவர் சிரித்தார். எதற்கும் முதலில் சிரிப்பது அவருடைய வழக்கம்.

"நிக்காஹ் முடிஞ்ச புள்ளைக்குத் திரும்பவும் ஒரு கல்யாணமா? ஊருக்குத் தெரிஞ்சா வாயால சிரிக்க மாட்டாங்க."

"சிரிக்கட்டும். நாளைக்கு அவள் நடுத்தெருவில நிண்டா அவங்களா வந்து சோறு போடுவாங்க?"

"ஆண்டவன்ட பேரால முடிச்சது பத்தாதாமா இவங்களுக்கு? இவன் கடதாசியில எழுதினாத்தான் ஹலாலாமா?"

ஹலால் வேறு, பாதுகாப்பு வேறு என்று அப்போது எனக்குச் சொல்ல வரவில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு வைத்த சோறு அடிப்பிடித்துவிட்டது. அதையும் அவர் ஒன்றும் சொல்லாமல் தின்றார். அவருக்கும் உள்ளுக்குள் உதறல் எடுத்துவிட்டது என்று அதிலிருந்து தெரிந்துகொண்டேன்.

ரியாஸ் உடனே சம்மதித்தான். "ஓம் மாமி, போவம். எனக்கென்ன. எத்தின தரம் வேணுமெண்டாலும் முடிக்கிறன், ஆள் அவதானே" என்றான். மகள்தான் முகத்தைத் திருப்பினாள்.

"வேணாம் உம்மா" என்றாள். ஏன் என்று கேட்டேன். "வேணாம்" என்றாள் மறுபடி. இங்கே பள்ளிக்கூடம் போன பிள்ளைகளுக்குத் தமிழில் வாதாடத் தெரியாது. ஒரு சொல்லைச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார்கள்.

அன்று முழுக்க எனக்கு, ஊரில் ஒருமுறை எங்கள் வாசலில் வந்து நின்ற றோசலின் அக்காவின் முகமே கண்ணுக்குள் நின்றது.

3

என் வாப்பா திருகோணமலைத் தளத்தில் தச்சு வேலை செய்தவர். கிண்ணியாத் துறையில் பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏறிக் கடந்து, அங்கிருந்து பஸ்ஸில் போய் வருவார். அவரோடு சூசை என்று ஒருவன் இழுவைப் படகில் வேலை செய்தான். பாலையூற்று வேதக்காரன், கிறிஸ்தவன். சில நாள் வாப்பாவோடு வந்து எங்கள் வீட்டில் சாப்பிடுவான். நல்லாகப் பாடுவான். எங்கள் சபியா ராத்தா குசினியில் நின்று அந்தப் பாட்டைக் கேட்பாள். நான் அவளுக்கு இளையவள், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் அவன் வந்து, கலிமாச் சொல்லி இஸ்லாத்துக்கு வருகிறேன், சபியாவைத் தாருங்கள் என்றான். வாப்பாவுக்குச் சந்தோஷம். ஓர் ஆள் மார்க்கத்துக்கு வருவதைவிட வேறென்ன வேண்டும்? பெயர் யூசுப் ஆனது. பள்ளிவாசலில் கட்டிப்பிடித்தார்கள். நிக்காஹ் நடந்தது, பதிவும் நடந்தது. எல்லாம் முறைப்படி.

ஒன்றை மட்டும் அவன் சொல்லவில்லை. பாலையூற்றில், மாதா கோயிலில் வைத்துக் கட்டிய பெண்சாதி ஒருத்தி அவனுக்கு இருந்தாள்.

அவள் ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் வாசலுக்கு வந்தாள். தலையில் முக்காடு மாதிரிச் சேலைத் தலைப்பைப் போட்டிருந்தாள். எங்கள் தெருவுக்கு வருவதால் மரியாதைக்குப் போட்டாளோ, ஆரும் அடையாளம் காணாமல் போட்டாளோ தெரியாது. சண்டை பிடிக்கத்தான் வந்திருக்கிறாள் என்று நாங்கள் பயந்தோம். ராத்தா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு அந்த நிமிடம்தான் விசயமே தெரியும்.

றோசலின் அக்கா சண்டை பிடிக்கவில்லை. வாப்பாவிடம் கேட்டாள்:

"ஐயா, உங்கட காதியார் என்ர வழக்கக் கேப்பாரா?"

காதியார் என்றால் முஸ்லிம்களின் கல்யாண வழக்குகளைத் தீர்க்கிறவர். வாப்பா கதிரையைக் காட்டினார். அவள் இருக்கவில்லை.

"உங்களுக்கு அங்க இடமில்ல மகள். அது எங்கட ஆக்களுக்கு மட்டும்தான்" என்றார் வாப்பா. "உங்கட சுவாமியாரக் கேட்டீங்களா?"

"கேட்டனான். கோயில்ல கட்டினத அவிக்க ஏலாதாம். அவர் உசிரோட இருக்குமட்டும் நான் அவர்ர பெண்சாதிதானாம். வக்கீலையும் கேட்டனான். அவர் உங்கட வேதத்துக்கு வந்தாப்பிறகு செய்தது குத்தம் எண்டு சொல்ல ஏலாதாம். ரெண்டு கல்யாணமும் செல்லுமாம்."

போகத் திரும்பினாள். பிறகு கேட்டாள்: "ரெண்டும் செல்லுமெண்டா ஐயா, நான் ஆர்?"

வாப்பா மரத்தை அளந்து அறுக்கிற மனிதன். எதற்கும் ஒரு கணக்கு வைத்திருப்பார். அன்றைக்கு அவர் வாயில் ஒரு சொல் வரவில்லை. அவள் படலையைச் சாத்திவிட்டுப் போனாள். அவள் மிதவையில் ஏறும்வரைக்கும் வாப்பா தெருவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அவர் யூசுப்போடு கதைத்ததை நான் காணவில்லை.

கொஞ்ச காலத்தில் அவன் கொழும்புக்கு வேலைக்கென்று போனான். இரண்டு வீட்டுக்கும் திரும்பி வரவில்லை. ராத்தா விடுதலை கேட்டுக் காதியாரிடம் போனாள். காதியார் நல்ல மனிதர், மரியாதையாகத்தான் விசாரித்தார். ஆனால் ஆண் விட வேண்டுமென்றால் அவன் வாய்ச்சொல் போதும். பெண் விட வேண்டுமென்றால் குற்றத்தைக் காட்ட வேண்டும், சாட்சி கொண்டு வர வேண்டும், அவனுக்கு ஆள் அனுப்ப வேண்டும், அவன் வராவிட்டால் தவணை, மறுபடி தவணை. கூடவே போவது நான்தான். போகிற நாளெல்லாம் காலையில் ராத்தா வாந்தி எடுப்பாள். இத்தனை ஆண்கள் நடுவில் கட்டில் கதையைச் சொல்ல வேண்டுமே என்ற பயம்.

கடைசியில் அவளுக்கு விடுதலை கிடைத்தது. இளமை போன பிறகு கிடைத்தது. றோசலின் அக்காவுக்கு அதுவும் கிடைக்கவில்லை. அவளைப் பிறகு ஒருமுறை சல்லியில் கருவாடு வாங்கப் போன இடத்தில் கண்டேன். தாலி போட்டிருந்தாள். என்னைக் கண்டு சிரித்தாள். நான் வேறு பக்கம் திரும்பி நடந்தேன், என்ன கதைப்பது என்று தெரியவில்லை.

4

ஊரிலிருந்து வரும் பத்திரிகைகளை இங்கே நான் பிந்தியென்றாலும் விடாமல் வாசிக்கிறேன். ஒரு நாட்டுக்கு ஒரே சட்டம் வேண்டும் என்று ஒருவர் எழுதுகிறார். இல்லை, அவரவர் கல்யாணம் காட்சிக்கு அவரவர் வேதத்தின் சட்டம்தான் வேண்டும் என்று இன்னொருவர் அடித்துப் பேசுகிறார். எழுதுகிறவர்கள் எல்லாரும் ஆண்கள். ஒருவராவது காலையில் வாந்தி எடுத்துவிட்டு மிதவை ஏறியவர் இல்லை.

என்னைக் கேட்டால்? எனக்குப் பயமாக இருக்கிறது என்பதுதான் முதல் பதில். இதை எழுதியதற்கே கிண்ணியாவில் என் சொந்தங்கள் என்ன சொல்வார்களோ என்று பயம். நான் ஐந்து நேரமும் தொழுகிறவள். என் மார்க்கத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் சூசை யூசுப் ஆனது அல்லாஹ்வுக்குப் பயந்தா? சட்டத்தில் ஒரு கதவு திறந்திருக்கிறது என்று தெரிந்துதான் வந்தான். வேதத்தைச் சட்டமாக்கினால், சட்டத்துக்காக வேதத்தை மாற்றுகிறவனும் வந்துவிடுவான். அவனை உள்ளே விட்டுவிட்டுக் கட்டிப்பிடித்துத் தேத்தண்ணியும் கொடுத்தோமே.

சரி, அப்படியென்றால் எல்லாருக்கும் ஒரே சட்டம் என்று சொல்லிவிடலாமா? அதைச் சொல்லவும் நடுக்கமாக இருக்கிறது. எல்லாருக்கும் ஒன்று என்று சொல்லிக்கொண்டு வருகிறவன் யாருடைய ஒன்றைக் கொண்டு வருவான்? நாட்டுக்கு ஒரே மொழி என்று தொடங்கியதையும் கண்ணால் கண்டவர்கள் நாங்கள். தளத்தில் வேலை செய்த எத்தனை பேர் அதனால் வேலை இழந்து வீட்டில் இருந்தார்கள். காதியாரும் இல்லாமல் போனால், கந்தளாயில் இருக்கிற ஏழைப் பெண் எந்தப் பெரிய கோர்ட்டில், எந்த மொழியில் போய் அழுவாள்? காதியார் முன்னால் ராத்தா வெட்கப்பட்டாள், உண்மை. ஆனால் தமிழில் வெட்கப்பட்டாள்.

இதுக்கு மேல் எனக்கு அறிவு ஓடவில்லை. ஓடுகிறவர்கள் எழுதுங்கள்.

5

நஸ்ரீன் சமையல் மேசையில் இருந்து பயிற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தாள். நான் மறுபடி தொடங்கினேன். கப்பல் போகப் போகிறது, அதற்கு முன்னால் அறிவித்தல் போட்டுச் சில வாரம் காத்திருக்கவும் வேண்டுமாம், இதற்கு மேல் பிந்த ஏலாது என்றேன்.

"அவர்ல உனக்குச் சந்தேகமா மகள்?"

"இல்ல. ரியாஸ் நல்லவர்."

"பிறகென்ன?"

பயிற்றங்காயை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"உம்மா, சின்ன வயசில எனக்கு நீங்க கதை சொல்லித்தானே சோறு தீத்துவீங்க. என்ன கதை? பெரியம்மா காதியார்ட்டப் போன கதை. பெரியம்மா சத்தி எடுத்த கதை. மத்த ஆன்ட்டி, அந்த சேர்ச் ஆன்ட்டி, அவக்கு அவிக்க ஏலாமப் போன கதை." தமிழ் போதாமல் கைகளைக் காட்டினாள், இரண்டு மணிக்கட்டையும் சேர்த்துக் கட்டியது போல. "நான் நினைச்சன், சட்டத்தில கட்டினாத்தான் அவிக்க ஏலாது. நிக்காஹ் மட்டும் எண்டா, நான் வேணுமெண்டா போகலாம். எனக்குப் பயம் உம்மா. அவரில இல்ல. கட்டுறதில."

சட்டத்தில் எழுதாவிட்டால் பிள்ளை அழிந்துபோவாள் என்று நான் நடுங்குகிறேன். எழுதினால் அழிந்துபோவேன் என்று அவள் நடுங்குகிறாள். இரண்டு பயமும் ஒரே வீட்டிலிருந்து, கிண்ணியாவிலிருந்து வந்தவை. ஊரையே காணாத பிள்ளைக்கு ஊர்ப் பயம் மட்டும் எப்படி இவ்வளவு சுத்தமாகப் போய்ச் சேர்ந்தது?

"இஞ்ச அப்பிடி இல்ல மகள்" என்றேன்.

"உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது. இந்த நாட்டுச் சட்டம் எனக்கு என்ன தெரியும்? அந்தத் தாதி சொன்னது மட்டும்தான் தெரியும்.

ஆனாலும் அழுதும் கெஞ்சியும் சம்மதிக்க வைத்தேன். "சரி உம்மா, உங்களுக்காக" என்றாள். அந்தச் சொல் எனக்கு நல்லாகப் படவில்லை.

6

டவுன் ஹோல் சுவரில் அறிவித்தல் ஒட்டினார்கள். அதில் என் மகள் கன்னி என்று போட்டிருந்தது. கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு இங்கே எழுதும் வழமையான சொல்லாம் அது. கணவர் அதைப் பார்த்துவிட்டு அரைமணி நேரம் கடல் பக்கமாக நடந்து திரிந்தார். எங்கள் ஆட்கள் எவரும் அந்தப் பக்கம் போய்விடக் கூடாது என்று நான் ஒவ்வொரு நாளும் துஆக் கேட்டேன். துணிக்கடைக்கார அம்மா ஒருத்தி கண்டுவிட்டாள், அடுத்த வாரமே லண்டனில் கதை அடிபட்டது.

குறித்த நாளில் போனோம். மரக் கதிரைகள், ஒரு மேசை, பூச்சாடி. பதிவுகாரர் ஒரு பெண். அதுவே எங்களுக்குப் புதினம். எங்கள் ஊரில் பெண் ஒருத்தி இந்தக் கதிரையில் இருப்பதை நினைத்தும் பார்க்க மாட்டார்கள். கணவர் பழக்கத்தில் வாய்விட்டு "பிஸ்மில்லாஹ்" என்றார். அந்த அம்மா கனிவாக, இந்த அறையில் சடங்கு நடக்கும்போது எந்த வேதத்தின் சொல்லும் சொல்லக் கூடாது, சட்டம் அப்படி, மன்னிக்க வேண்டும் என்றாள். ஆண்டவன் பெயரை வெளியில் விட்டுவிட்டு உள்ளே வந்து நடத்துகிற கல்யாணம் விளங்குமா? மனதுக்குள் நான் அவன் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். மனதுக்குள் சொல்வதை எந்தச் சட்டமும் தடுக்காது.

என் நிக்காஹ் ஞாபகம் வந்தது. எங்கள் பக்கத்தில் மணப்பெண் உள்ளறையில் இருப்பாள். வாப்பாவும் சாட்சிகளும் வந்து, இன்னாரை உனக்குச் செய்து வைக்கச் சம்மதமா என்று கேட்பார்கள். பெண் வாய் திறக்காவிட்டால், அழுதாலும், அது சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். எனக்குப் பதினாறு வயது. ஏலாது என்று சொல்லத்தான் நினைத்திருந்தேன். ராத்தா பட்டதைப் பார்த்த எனக்குக் கல்யாணமே வேண்டாம் என்றிருந்தது. வாப்பாவைக் கண்டதும் நாக்கு ஒட்டிக்கொண்டது. அவர் என் தலையைத் தடவிவிட்டுப் போனார். அன்சார் நல்லவராக வந்தார், அது என் அதிர்ஷ்டம். வேறு மாதிரி வந்திருந்தால் நானும் மிதவை ஏறியிருப்பேன்.

பதிவுகார அம்மா முதலில் ரியாஸைக் கேட்டாள். அவன் பள்ளிக்கூடப் பிள்ளை போல உரத்துச் சொன்னான். பிறகு நஸ்ரீனைக் கேட்டாள்.

நஸ்ரீன் பேசவில்லை.

எங்கள் பழக்கத்தில் கணவர் தலையை ஆட்டினார், சரி முடிந்தது என்பதுபோல. அந்த அம்மா ஆட்டவில்லை. பேனையைத் தொடவும் இல்லை. காத்திருந்தாள். நஸ்ரீன் திரும்பி என்னைப் பார்த்தாள். அது நான் வாப்பாவைப் பார்த்த பார்வை.

ஓம் என்று சொல்லு மகள் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். வந்தது வேறு.

"வேணாமெண்டா வேணாமெண்டு சொல்லு. வாயத் திறந்து சொல்லு. நான் உன்னக் கூட்டிட்டுப் போறன். எனக்காக ஒண்டும் செய்யாத."

ரியாஸின் முகம் வெளிறியது. அந்த அம்மா, தாய் என்ன சொல்கிறார் என்று கேட்டாள். நஸ்ரீன் வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு அவளைப் பார்த்து இங்கிலீஷில் கேட்டாள். அது எனக்கு முழுக்க விளங்கியது.

"பிறகொரு நாள் இதை முடித்துக்கொள்ள வேண்டுமென்றால், நானும் கேட்கலாமா? அல்லது அவர் மட்டும்தான் கேட்கலாமா?"

கணவர் "யா அல்லாஹ்" என்று தலையில் கை வைத்தார். இந்த முறை அந்த அம்மா தடுக்கவில்லை.

"இரண்டு பேரில் யாரும் கேட்கலாம்" என்றாள். "கோர்ட்டுக்குப் போக வேண்டும், காரணமும் காட்ட வேண்டும். ஆனால் அவருக்கு என்ன சட்டமோ அதுதான் உங்களுக்கும்."

நஸ்ரீன் ரியாஸைப் பார்த்தாள். அவன், "கேளுங்க, கேளுங்க, வேற என்ன கேக்கணுமோ எல்லாத்தையும் இப்பவே கேளுங்க" என்றான். குரல் அழுகைக்கும் சிரிப்புக்கும் நடுவில் இருந்தது.

அவள் வேறொன்றும் கேட்கவில்லை. சொல்ல வேண்டியதை, வெளியில் நடைபாதைவரைக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்.

என் பயம் போய்விட்டது என்று எழுத மாட்டேன். கப்பல் போய்விட்டது, காற்றடிக்கிற நாளெல்லாம் நான் விழித்துத்தான் இருக்கிறேன். ஊரிலிருந்து வருகிற செய்திகளும் நல்லாக இல்லை. ஆனால் அன்று வீட்டுக்கு வரும் வழியில் சபியா ராத்தாவையும் றோசலின் அக்காவையும் நினைத்தேன். ஒரே ஆள் கட்டிய இரண்டு பேரில் ஒருத்தியிடமும், கட்டுவதற்கு முன்னால், உனக்கு ஏதும் கேட்க இருக்கிறதா என்று எவரும் கேட்கவில்லை.

மகளுக்கும் பயமாகத்தான் இருந்தது. பயந்துகொண்டே அந்தக் கேள்வியைக் கேட்டாள்.